இரண்டும் ஏழு பூஜ்ஜியமும்

“அந்த மைதீன் பெட்டியில அப்படி என்னதான் இருக்குன்னு கேக்கேன்?”

கேட்டவர் ஆதிமூலம். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், வயது அறுபத்தொன்று. கேட்கப்பட்டவள் ஜெபக்கனி, வயது முப்பத்தாறு. இருவரில் குரு அவள்தான்.

ஜெபக்கனி ஒரு வயர்லெஸ் செட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே ஊதி, படிந்திருந்த உப்பைத் தட்டினாள்.

“பெட்டியே இன்னும் வரலையே மாஸ்டர். ஞாயித்துக்கிழமைதான கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.”

“வரட்டும், வரட்டும். நீங்க எதுக்கு இப்பவே அத நெனச்சுச் சிரிக்கீங்க?”

“நான் எங்க சிரிச்சேன்?”

அவள் சிரிக்கவில்லைதான். ஆனால் மைதீன் பெயரைச் சொன்னபோது அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசானது. ஆதிமூலம் அதைப் பார்த்துவிட்டார். அவர் சமீப காலமாக எதையும் பார்க்காமல் விடுவதில்லை.

ஜெபக்கனிக்குத் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு மாடி அறை. கடலுக்குப் போகிற விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், கேட்டு வருகிறவர்களுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுப்பாள்.

சொல்லிக் கொடுப்பாள் என்பதே பெரிய வார்த்தை. ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். சந்தேகம் கேட்டால் இன்னொரு பொருளைக் கொடுப்பாள்.

ஆதிமூலம் நாலு வருஷமாக வருகிறார். காஜா மைதீன் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மைதீனுக்கு முப்பது வயது. மட்டக்கடைப் பக்கம் ஃபேனுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான்.

நாலு மாதத்தில் அவன் ஜெபக்கனியை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நாலு வருஷமாக ஆதிமூலத்துக்கு அவள் ‘டீச்சர்’தான்.

இதுதான் ஆரம்பம். பிறகு ஆதிமூலத்துக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அதுவாகவே இருந்தது. மைதீனுக்குக் கொடுக்கிற டம்ளரில் டீ விளிம்பு வரை இருக்கிறது. மைதீன் வைத்த சால்டரிங்கைப் பார்த்து “ஏ, நல்லாருக்கே” என்கிறாள். ஆதிமூலம் வைத்ததைப் பார்த்து “சரி” என்கிறாள். வெறும் சரி.

ஒரு நாள் மைதீன் விரலைச் சுட்டுக்கொண்டான். ஜெபக்கனி எழுந்து போய் மருந்து எடுத்து வந்து, அவளே தடவிவிட்டாள்.

அடுத்த வாரம் ஆதிமூலமும் விரலைச் சுட்டுக்கொண்டார். வேண்டுமென்று சுட்டுக்கொண்டார் என்று சொன்னால் பாவம். ஆனால் தடுக்கவும் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

“தண்ணியில வைங்க மாஸ்டர்,” என்றாள் ஜெபக்கனி, தலை நிமிராமல்.

அன்று வீட்டுக்கு நடந்தே போனார். வயிறு எரிந்ததில் விரல் எரிந்தது தெரியவில்லை. இந்த வயசில் வருகிற பொறாமை அம்மை மாதிரி. சின்ன வயசில் வந்து போயிருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் ஆளை ஒரு கை பார்த்துவிடும்.

போன மாதம் மின்சாரம் ஏறி இறங்கியதில் ஜெபக்கனியின் ஃப்ரீக்வென்சி கவுண்டர் புகைந்து போனது.

அது அவள் மேசையில் முக்கியமான பெட்டி. ஒரு அலை ஒரு நொடிக்குள் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணிச் சொல்லும். படகுச் செட்டு சரியான எண்ணிக்கையில் துடித்தால்தான் பக்கத்துப் படகுக்கும் கரைக்கும் குரல் கேட்கும். எண்ணிக்கை தள்ளிப் போனால் நடுக்கடலில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

ஜெபக்கனி இருவரையும் கூப்பிட்டாள்.

“ஆளுக்கு ஒண்ணு வீட்டுலயே செஞ்சு கொண்டாங்க. ரொம்பச் செலவு பண்ண வேண்டாம். ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்பு, ஒரு கிரிஸ்டல், எண்ணு காட்ட ஒரு டிஸ்ப்ளே. அவ்வளவுதான். ரெண்டுல எத நம்பலாமோ அது இந்த மேசையில இருக்கட்டும்.”

மைதீன் காதில் விழுந்தது, ஒரு பெட்டி செய்யச் சொல்கிறாள் என்று. ஆதிமூலம் காதில் விழுந்தது, இரண்டு பேரில் யார் தன் சிஷ்யன் என்று சொல்லப் போகிறாள் என்று.

அந்த மேசையில் தன் பெட்டி உட்காராவிட்டால் இனி அந்த மாடிப்படியை மிதிப்பதில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

பதினைந்து நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்து, அரம் போட்டு, ஓரம் கையில் குத்தாதபடி பெட்டி செய்தார். டிராயிங் மாஸ்டர் கை. முகப்பில் தன் பெயரின் முதல் எழுத்தை வளைவு வளைவாகச் செதுக்கினார். கிரிஸ்டலைக்கூட நேராகப் பலகையில் பற்றவைக்காமல், செருகி எடுக்கிற மாதிரி சாக்கெட் வைத்தார்.

கிரிஸ்டல் என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தகர டப்பி. அதன் துடிப்பை வைத்துத்தான் சிப்பு ஒரு நொடி எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளும். ஆதிமூலத்தின் கிரிஸ்டலில் இருபது என்று போட்டிருந்தது. இருபது மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இரண்டு கோடித் துடிப்பு. ‘இரண்டு கோடித் துடிப்பு ஆனால் ஒரு நொடி’ என்று சிப்புக்குள் எழுதி வைத்தார்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஓட விட்டுப் பார்த்தார். டிஸ்ப்ளேயில் ஒரு பூஜ்ஜியம் வந்தது.

எண்ணுவதற்கு எதையாவது கொடுக்க வேண்டுமே. எண்ணிக்கை முன்னமே தெரிந்த ஏதாவது ஒன்று. வீட்டில் தேடினார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே! இருபது என்று பெயரே எழுதிய கிரிஸ்டல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அதன் காலிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, ஓட்டை போட்டு வெளியே கொண்டு வந்து, முகப்பில் இருந்த துளையில் செருகினார்.

20000000.

ஒரு இரண்டு, ஏழு பூஜ்ஜியம்.

கடைசிப் பூஜ்ஜியம்கூட அசையவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். குளித்துவிட்டு வந்து பார்த்தார். சாமி படம் மாதிரி அப்படியே நின்றது.

“பேச்சி, இங்க வா,” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். “என்னது இது?”

“பாத்தியா? ஒண்ணுகூட ஆடல.”

“ஆடலன்னா ரிப்பேரா?” என்றாள் பேச்சி.

அவளிடம் காட்டியது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

தன் பெட்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அடுத்தவன் பெட்டி மோசமாக இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை ஆதிமூலம் ஒரு நல்ல ஃபேனைத் தூக்கிக்கொண்டு மைதீன் கடைக்குப் போனார்.

“வாங்க அண்ணாச்சி. ஃபேனுக்கு என்ன?”

“சத்தம் போடுது. இருக்கட்டும், அப்புறம் பாரு. பெட்டி எந்த மட்டுல இருக்கு?”

மைதீன் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஐஸ்கிரீம் வாங்கின பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தான். மூடியில் கத்தியால் கோணல்மாணலாக அறுத்த சதுரம். அதற்குள்ளிருந்து டிஸ்ப்ளே எட்டிப் பார்த்தது. தனியாக ஒரு ஆஸிலேட்டரை, துடிப்பு மட்டும் விடுகிற ஒரு சின்னப் பலகையை, வெளியே வைத்து அதன் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தான்.

10000041. அடுத்த நொடி 10000043. அப்புறம் 10000040.

ஆதிமூலத்துக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“என்னப்பா, ஆடுது?”

“ஆடத்தான் செய்யுது அண்ணாச்சி. காலையில ஒண்ணு சொல்லுது, வெயில் ஏறினா ஒண்ணு சொல்லுது. அப்பப்ப எழுதி வச்சிட்டு வாரேன்.”

ஒரு நோட்டைக் காட்டினான். தேதி, மணி, எண் என்று பக்கம் பக்கமாக இருந்தது. தப்பை இப்படி நோட்டுப் போட்டு எழுதுகிறவனை ஆதிமூலம் அன்றுதான் பார்த்தார்.

“ஒங்க பெட்டி எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“ஒண்ணுகூட ஆடல.”

மைதீன் கண்ணை விரித்தான். “நெசமாவா? ஒண்ணுகூடவா? கொண்டு வாங்களேன் அண்ணாச்சி. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒரே துடிப்ப எண்ண விடுவோம். என் பெட்டி மேல எனக்கு நம்பிக்கையே இல்ல.”

ஆதிமூலத்துக்கு உள்ளே மணி அடித்தது. பார்த்தால் காப்பி அடித்துவிடுவான். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டவனுக்கு இது பெரிய காரியமா?

“ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடலாம்,” என்றார்.

ஃபேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, சத்தம் போடுதுன்னீங்க?”

“வீட்டுக்குப் போனா நின்னுரும்.”

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கனி மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். அலுமினியப் பெட்டி ஒரு பக்கம், ஐஸ்கிரீம் டப்பாவும் அதில் செருகிய ஆஸிலேட்டரும் ஒரு பக்கம்.

ஆதிமூலம் ஒயரைச் செருகி சுவிட்சைப் போட்டார்.

20000000.

ஜெபக்கனி கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டியின் ஓரத்தை விரலால் தடவினாள்.

“அழகா இருக்கு மாஸ்டர்.”

நாலு வருஷத்தில் முதல் தடவை. ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மைதீனைப் பார்த்தார். மைதீன் வாயைத் திறந்தபடி அந்த ஏழு பூஜ்ஜியங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் இனித்தது.

ஜெபக்கனி சால்டரிங் அயனை எடுத்தாள். சூடான முனையை மைதீன் டப்பாவுக்குள் இருந்த கிரிஸ்டல் பக்கத்தில், தொடாமல் பிடித்தாள்.

டிஸ்ப்ளேயில் எண் ஓடியது. நாற்பது போய் நூறு, நூறு போய் இருநூறு.

“சூடு பட்டா அதோட துடிப்பு மாறிருது அக்கா,” என்றான் மைதீன், தன் பிள்ளைக்குச் சளி என்று சொல்கிற மாதிரி.

அவள் அயனை ஆதிமூலத்தின் கிரிஸ்டல் பக்கம் கொண்டு போனாள்.

20000000.

இன்னும் பக்கத்தில் கொண்டு போனாள். அசையவில்லை.

“பாத்தீங்களா டீச்சர்!” ஆதிமூலம் மேசையைத் தட்டியே விட்டார். “என்ன பண்ணுனாலும் அசையாது!”

“ஆமா. அசையல,” என்றாள் ஜெபக்கனி.

சுவிட்சை அணைத்தாள். சாக்கெட்டில் இருந்த கிரிஸ்டலைப் பிடுங்கி ஆதிமூலத்தின் உள்ளங்கையில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து வேறொரு கிரிஸ்டலை எடுத்து நீட்டினாள்.

“இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க.”

கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். “பதினாறு.”

அதைச் சாக்கெட்டில் செருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

20000000.

கடைசிப் பூஜ்ஜியம்கூட ஆடவில்லை.

ஆதிமூலத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“பதினாறுன்னுல்லா காட்டணும்?”

“காட்டணும்.”

“இருபதுன்னு காட்டுதே.”

“காட்டுது.”

“பொய் சொல்லுதா?”

“அது பாவம் மாஸ்டர், அதுக்கு என்ன தெரியும்? எத்தன துடிப்புக்கு ஒரு நொடின்னு எழுதி வச்சீங்க?”

“ரெண்டு கோடி.”

“எந்தத் துடிப்பு?”

“கிரிஸ்டலோட துடிப்பு.”

“இந்த ஒயரு எங்கயிருந்து வருது?”

ஆதிமூலம் முகப்பில் செருகியிருந்த ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனார். துளை, ஓட்டை, பெட்டியின் உள்பக்கம், பலகை, சாக்கெட். அந்தக் கிரிஸ்டலின் காலில் போய் விரல் நின்றது.

அது இரண்டு கோடித் தடவை துடித்தால் ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அது எத்தனை தடவை துடித்தது என்று எண்ணினால், இரண்டு கோடி. பதினாறு போட்டாலும் இரண்டு கோடி. எட்டு போட்டாலும் இரண்டு கோடி. நெருப்பில் போட்டாலும், கருகிச் சாகிற வரைக்கும், இரண்டு கோடி.

வீட்டில் ஓட விட்ட நாளிலிருந்து அது தன்னையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

மைதீன் சிரிப்பான் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். அவன் சிரிக்கவில்லை. “அல்லா,” என்று மெதுவாகச் சொன்னான். அடிபட்டவனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது ஆதிமூலத்துக்கு.

ஜெபக்கனி ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதியிருந்தது: பத்து லட்சத்துக்கு நாலு கூடக் காட்டும். அதற்குக் கீழே, வெயில் நேரத்தில் ஆறு.

“எத வச்சுச் சரி பாத்த?” என்று கேட்டாள்.

“படகுல இருந்து கழட்டின பழைய ஜிபிஎஸ் ஒண்ணு கிடைச்சது அக்கா. அதுக்கு வானத்துல இருந்து நேரம் வருதுல்லா, நொடிக்கு ஒரு துடிப்பு தப்பாம விடுது. அந்தத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல என் கிரிஸ்டல் எத்தன தடவை துடிக்குதுன்னு எண்ணுனேன். குறையத்தான் துடிக்குது. அதான் கூடக் காட்டுது. திருத்தத் தெரியல. எழுதி வச்சிட்டேன்.”

ஜெபக்கனி டப்பாவை மேசையின் நடுவில், புகைந்து போன பெட்டி இருந்த இடத்தில் வைத்தாள். பழுதுக்கு வந்திருந்த படகுச் செட்டு ஒன்றை அதன் பக்கத்தில் இழுத்தாள்.

அவ்வளவுதான். யார் பெட்டி என்று அவள் வாயால் சொல்லக்கூட இல்லை.

ஆதிமூலம் பெட்டியின் மூடியைத் தேடினார். கைக்கு எதிரில் இருந்த மூடி கண்ணில் படவில்லை. தேடுகிறபோதே வாயில் வந்துவிட்டது.

“ஒரே ஒரு ஒயர்தான டீச்சர் தப்பு? கழட்டிப் போட்டா முடிஞ்சது. நாலு வருசமா வாரேன். மழையில வந்திருக்கேன், காய்ச்சலோட வந்திருக்கேன். ஒங்க சிஷ்யர்ல முதல் ஆளு நான்தான். இவன் நேத்து வந்தவன்.”

மைதீன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெபக்கனி செட்டின் திருகைக் கழற்றுவதை நிறுத்தினாள்.

“முதல் ஆளுன்னு யாரு சொன்னா மாஸ்டர்?”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆதிமூலம் யோசித்தார். டீச்சர் சொன்னாளா? டீச்சர் சரி என்று சொல்லியிருக்கிறாள். தண்ணியில வைங்க என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அழகா இருக்கு என்றாள், அது பெட்டியை. பேச்சி? பேச்சி சொல்ல மாட்டாள். நாலு வருஷத்தில் வந்து போனவர்கள் யாராவது? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். மைதீன்தான் பாக்கி. அவனிடம் அவர் அதைக் கேட்டதே இல்லை.

“நான்தான்,” என்றார்.

முகப்பில் இருந்த ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். டிஸ்ப்ளேயில் ஒற்றைப் பூஜ்ஜியம் நின்றது. பெட்டியை மேசை மேல் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, கையை மைதீன் பக்கம் நீட்டினார்.

“பாய், ஒன் ஆஸிலேட்டர் ஒயரக் கொஞ்சம் இங்க குடு.”